காயின் மெஷினா, கம்ப்யூட்டரா: நாலு பேர் மறுபடி சண்டை போட என்ன வாங்கலாம்?

போன சித்திரையில் எதிர்சேவை அன்றைக்கு, தல்லாகுளத்தில் ஒரு நீர்மோர்ப் பந்தல் ஓரமாக ஒதுங்கி நின்றபோது ஆரம்பித்த பேச்சு இது. நாங்கள் நாலு பேர். நிஜப் பேரெல்லாம் வேண்டாம். தொண்ணூறுகளில் வீடியோ கேம் கடையில் யார் எந்த ஆளை எடுத்து ஆடினோமோ, அந்தப் பேர்தான் இன்றைக்கும் எங்களுக்குள் புழக்கம். இயோரிக்குச் சிம்மக்கல் பக்கம் பெயிண்ட் கடை. ஹோண்டாவுக்குத் திருமங்கலத்தில் வங்கி வேலை. சுன்லி ஷார்ஜாவில் இருக்கிறான், திருவிழாவுக்கு லீவு போட்டு வந்திருந்தான். நான் கைல். குத்தவைத்து உட்கார்ந்தே ஆட்டத்தை ஜெயிக்கிறவன் என்று அந்தக் காலத்திலேயே எனக்குக் கெட்ட பேர்.

"மாப்ள, கடைக்கு மேல ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு. பழைய மெஷின் ஒண்ணு வாங்கிப் போட்டா என்னடா?" என்றான் இயோரி.

தலைக்குப் பத்தாயிரம் என்று அங்கேயே முடிவானது. ஆக 40,000 ரூபாய். எதை வாங்குவது என்று விசாரித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. மூன்று மாதம் அங்குட்டும் இங்குட்டும் அலைந்ததில் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன். இதே ஆசையோடு சுற்றுகிற நாற்பது வயதுக்காரர்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள் என்பது விசாரிக்கப் போன இடத்தில்தான் தெரிந்தது.

எது இல்லாமல் முடியாது?

விலையைப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் பேசியாக வேண்டும். இல்லையென்றால் 40,000 ரூபாய்க்கு ஒரு அலங்காரப் பெட்டிதான் வாங்கி வைப்போம்.

எங்கள் கடை கோரிப்பாளையம் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்தது. பாய் கடை என்போம். நாலு மெஷின், ஒரு மேசை விசிறி, வாசலில் ஒரு சாக்குப் படுதா. அங்கே நடந்தது ரெண்டு விதமான ஆட்டம். ஒன்று, ஊரே முஸ்தபா என்று கூப்பிட்ட கேம். 1993இல் கேப்காம் விட்ட காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ் அது. மஞ்சள் தொப்பிக்காரன் முஸ்தபாவைத்தான் எல்லோரும் எடுப்பார்கள், கடைசியில் அவன் பேரே ஆட்டத்துக்கும் ஒட்டிக்கொண்டது. அதில் ஆடத் தெரிந்தவன் ஒரு காயினில் ஒரு மணி நேரம் நிற்பான். பாய்க்கு அவனைக் கண்டாலே ஆகாது. "ஒத்த ரூவாய்க்கு கரண்ட் பில் யார்டா கட்டுறது" என்று பின்பக்கக் கதவைத் திறந்து, போர்டில் இருக்கும் சின்னச் சின்னச் சுவிட்சுகளைத் தட்டி ஆட்டத்தைக் கடினமாக்கிவிடுவார். அப்படி மாற்றுவதற்கென்றே அந்தக் காலப் போர்டுகள் பலவற்றில் டிப் சுவிட்ச் வரிசை உண்டு.

இன்னொன்று சண்டை ஆட்டம். 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2, அதன் பிறகு எஸ்.என்.கே.யின் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 97. இதில் இரண்டு பேர் ஆளுக்கொரு காயின் போடுவார்கள், ரெண்டு மூணு நிமிஷத்தில் ஒருத்தன் தோற்பான். தோற்றவன் விலகணும், ஜெயித்தவன் நிற்கலாம், அடுத்தவன் காயினோடு வந்து மோதணும். ஐந்து நிமிஷத்துக்கு மூணு ரூபாய் விழும். பாய் முகம் மலர்ந்திருக்கும். கடைக்காரருக்கு லாபமாக இருந்த அந்தக் கணக்குதான் எங்களையும் நல்ல ஆட்டக்காரர்களாக்கியது. பையில் இரண்டே ரூபாய் இருக்கும்போது ஒருவன் எவ்வளவு கவனமாகக் குத்து விடுவான் என்பது இலவச ஆட்டம் ஆடுகிறவர்களுக்குப் புரியாது.

ஆகவே நான் எடுத்துக்கொண்ட அளவுகோல் மூன்று. ரெண்டு பேர் தோளோடு தோள் நின்று ஆட முடிய வேண்டும். தோற்பதற்கு ஒரு விலை இருக்க வேண்டும். ஷார்ஜாவில் இருக்கிறவனையும் சேர்த்துக்கொள்ள முடிய வேண்டும். மரப்பெட்டி, படம் ஒட்டிய மேல்பலகை, மின்னுகிற விளக்கு எல்லாம் இதற்குப் பிறகுதான். இயோரி இதை ஒத்துக்கொள்ளவே ஒரு வாரம் ஆனது.

நிஜ மெஷின்

விரகனூர் தாண்டி ஒரு குடோனில் ரெண்டு பழைய மெஷின் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். தார்ப்பாயை விலக்கியதும் நாலு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. சுன்லி வீடியோ காலில் இருந்தான், அவனும் பேசவில்லை. சிவப்புக் குமிழ் வைத்த லீவர், அதன் அடியில் தகரத் தகட்டில் லீவர் தேய்த்துத் தேய்த்து வந்த வெள்ளை வட்டம், முதல் பட்டனுக்கு மட்டும் நிறம் போய்க் குழி விழுந்திருந்தது. காயின் போடும் வாயில் யாரோ நூல் கட்டி இழுத்த தழும்புகூட அப்படியே. அந்தக் கலையை எங்கள் கடையில் யார் செய்தான் என்று இங்கே எழுதப்போவதில்லை.

கூடவே ஒரு பழைய டிவி மெக்கானிக்கைக் கூட்டிப் போயிருந்தோம், அறுபதைத் தாண்டியவர். பின்பலகையைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஒயரு எலி கடிச்சது, அது பெரிய விசயமில்ல. போர்டைக் கழுவிப் பாக்கலாம். ஆனா டியூப் போச்சுன்னா போனதுதான். பிளைபேக்குக்குக்கூட நான் எந்தக் காயலான் கடையில போயிப் பொறுக்குவேன்?"

அவர் சொன்னதில்தான் விஷயம் முழுக்க இருக்கிறது. இந்த மெஷின்களின் உள்கட்டு அழகானது. 1985இல் வந்த ஜாமா என்ற பொது இணைப்பு முறையால், 56 முனை கொண்ட ஒரே சொருகியில் ஒரு போர்டைப் பிடுங்கிவிட்டு இன்னொன்றை மாட்டலாம். அந்த முறை ஆளுக்கு மூன்று பட்டனுக்கு மேல் யோசிக்கவில்லை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2க்கு ஆறு பட்டன் தேவைப்பட்டதால், உதைக்கு என்று தனியாக ஒரு ஒயர்க் கொத்தே இழுத்தார்கள். எஸ்.என்.கே.யின் நியோ ஜியோ போர்டு இன்னும் ஒரு படி மேலே. ஒரே போர்டில் நாலு கேசட் மாட்டும் வகை உண்டு, பட்டனும் நாலுதான். அதனால்தான் சின்னக் கடைகளிலும் 97 அவ்வளவு நாள் ஓடியது.

ஆனால் நியோ ஜியோ போர்டில் ஒரு பேட்டரி உண்டு. அது வயதாகிக் கசிந்தால் சுற்றிலும் தாமிரப் பாதைகளை அரித்துவிடும். நாங்கள் பார்த்ததில் அந்த இடம் பச்சை பூத்திருந்தது. கேப்காமின் அடுத்த தலைமுறைப் போர்டான சி.பி.எஸ். 2 இன்னும் மோசம். விளையாட்டைத் திறக்கும் சாவியே பேட்டரி தாங்கும் நினைவகத்தில்தான் இருக்கும், பேட்டரி தீர்ந்தால் ஆட்டம் செத்துப்போகும். தற்கொலை பேட்டரி என்றே அதற்குப் பேர். மீட்கும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள், ஆனால் அதற்கு ஆள் வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை, இது முக்கியம். பழைய பிக்சர் டியூபில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும். சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். ஆசையில் ஸ்க்ரூடிரைவரோடு கை விடக்கூடாது.

கேட்ட விலை 35,000. பேரம் பேசினால் குறையும். ஆனால் இயோரி கடை மாடிப்படியைப் பார்த்தவர்கள் அந்தப் பெட்டியை மேலே ஏற்றலாம் என்று நினைக்கவே மாட்டார்கள். ஏற்றினாலும் சுன்லி ஆட முடியாது. எங்கள் அளவுகோலில் முதல் இரண்டில் நூற்றுக்கு நூறு, மூன்றாவதில் சைபர். அந்த மெஷினை வாங்காமல் திரும்பியதற்கு இன்னும் வருத்தம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஜெராக்ஸ் கடை மாதிரி இடமும், ரிப்பேருக்கு ஒரு ஆளும், ஷார்ஜாவில் சிநேகிதன் இல்லாமலும் இருந்தால் நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

மால்களில் இருக்கும் விளையாட்டு இடத்தையும் போய்ப் பார்த்தோம். கார் ஓட்டலாம், துப்பாக்கி சுடலாம், டிக்கெட் சேர்த்துப் பொம்மை வாங்கலாம். நாங்கள் போன அன்றைக்குச் சண்டை ஆட்டம் ஒன்றுகூட இல்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆயிரம் கேம் பெட்டி

ஆன்லைனில் தேடினால் முதலில் கண்ணில் படுவது இதுதான். ரெண்டு லீவர் வைத்த ஒரு பெட்டி, டிவியில் சொருகினால் மூவாயிரம் கேம், ஐயாயிரம் கேம் என்று எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். ஹோண்டாவின் அலுவலகத்தில் ஒருத்தர் வைத்திருந்தார், ஒரு வாரம் இரவல் வாங்கி வந்தான்.

முதல் ஒரு மணி நேரம் கொண்டாட்டம். அதற்கப்புறம் கவனித்தேன், எந்த ஆட்டத்தையும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் யாரும் ஆடவில்லை. தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் வெளியே வந்து அடுத்ததைத் தேடினார்கள். காயின் போடுவதற்கு ஒரு பட்டன் இருக்கிறது, எத்தனை தடவை வேண்டுமானாலும் அழுத்தலாம். பாய் கடையில் இப்படி ஒரு பட்டன் இருந்திருந்தால் நாங்கள் யாரும் ஹடோக்கென் என்ற நெருப்பு உருண்டையை விடக்கூடக் கற்றிருக்க மாட்டோம். கல்யாணப் பந்தியில் இலை நிறைய வைத்துவிட்டால் எதிலும் ருசி தெரியாது, அந்த மாதிரி.

அதில் இருப்பதெல்லாம் அனுமதி இல்லாமல் நகல் எடுத்தவை என்பதையும் சொல்லியாக வேண்டும். போர்டுகளைக் கம்ப்யூட்டரில் அப்படியே நடிக்க வைக்கும் மேம் போன்ற மென்பொருள்கள் தவறானவை அல்ல. 1997இல் ஆரம்பித்த அந்த முயற்சி இல்லையென்றால் எத்தனையோ ஆட்டம் அழிந்தே போயிருக்கும். ஆனால் விளையாட்டின் உரிமை அதைச் செய்தவர்களிடம்தான் இருக்கிறது. விலைக்குக் கிடைக்கிற ஆட்டத்தை விலை கொடுத்தே வாங்கலாம் என்பது என் கட்சி. இயோரி சிரித்தான், ஹோண்டா என் பக்கம் நின்றான், வங்கிக்காரன் ஆச்சே.

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. எங்களுக்கு நினைவிருக்கும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் ரியூ ஆகாயத்தில் எகிறிக்கொண்டே ஹடோக்கென் விடுவான். அந்த நெருப்பு உருண்டை வளைந்து வளைந்து தேடி வரும். ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் சண்டைக்கு நடுவிலேயே ஆள் மாறும். நாங்கள் 'ஆடுகேன்' என்று கத்திக்கொண்டு ஆடியது அதைத்தான். அப்படி ஒரு ஆட்டத்தைக் கேப்காம் செய்யவே இல்லை. 1992இல் வந்த சாம்பியன் எடிஷனை யாரோ கள்ளத்தனமாக மாற்றி விற்ற போர்டு அது, ரெயின்போ என்று அழைப்பார்கள். அந்த வேகத்தைப் பார்த்துத்தான் கேப்காமே அதே வருஷம் வேகம் கூட்டிய டர்போ பதிப்பைக் கொண்டுவந்தது என்பது தனிக் கதை. விலை கொடுத்து வாங்கும் எந்தத் தொகுப்பிலும் அந்த ஆகாய ஹடோக்கென் கிடைக்காது. அதைச் சொன்னதும் இயோரி, "அப்ப நாம ஆடுனதே டூப்ளிகேட்டா?" என்று கேட்ட கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை.

அசல் தொகுப்பு

ஸ்ட்ரீட் ஃபைட்டரின் 30ஆம் ஆண்டுத் தொகுப்பு 2018இல் வந்தது. 1987இன் முதல் ஆட்டத்திலிருந்து மூன்றாம் பாகம் வரை 12 ஆட்டம். ஆனால் இணையத்தில் ஆட அதில் நாலே நாலுதான் உண்டு. 2022இல் வந்த கேப்காம் ஃபைட்டிங் கலெக்‌ஷனில் ஹைப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 இருக்கிறது. எங்களுக்குப் பொருந்தியது இதுதான். காரணம், அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு ஆளையும் எந்தப் பதிப்பிலிருந்து எடுப்பது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். முதல் பதிப்பின் கைலும் கடைசிப் பதிப்பின் சுன்லியும் மோதலாம். 'எங்க காலத்து கைல்' என்று முப்பது வருஷமாக நடக்கும் வாய்த்தகராறு அதோடு தீர்ந்தது. தீரவில்லை, வேறு மாதிரி தொடர்கிறது. கள்ளப் பதிப்பை வைத்துத் தெரிந்துகொண்ட எதுவும் உதவாமல், கைல் ஆட்டத்தை நான் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

கைல் எப்படி ஆடணும் என்று தெரியாதவர்களுக்கு: லீவரைப் பின்பக்கம் ஒரு நொடிக்கு மேல் பிடித்து வைத்து, சட்டென்று முன்னால் தள்ளிக் குத்தினால் சோனிக் பூம். குத்தவைத்துப் பிடித்து, மேலே தள்ளி உதைத்தால் எகிறி உதை. அதனால்தான் பின்மூலையில் குனிந்தே இருப்பான். கோழைத்தனம் இல்லை, அவன் இலக்கணமே அது. மூணு பேரும் இன்றுவரை இதை ஏற்கவில்லை.

பாய் கடை ஆட்டத்தில் கார் உடைக்கும் போனஸ் கட்டம் ஒன்று உண்டு. ஒரு ரூபாய்க்குக் கூடுதலாக அரை நிமிஷம் ஆட்டம் என்பதுதான் அன்றைக்கு எங்களுக்கு அதில் சந்தோஷம். அந்தக் கட்டத்தைச் சோதித்துப் பார்க்கும்போதுதான் கேப்காமின் நோரிடாகா ஃபுனாமிஸு, ஒரு அடி முடிவதற்குள் அடுத்த அடியைச் சொருக இடம் இருப்பதைக் கவனித்தார். பிழைதான். ஆனால் நுழைப்பது கடினம் என்பதால் அப்படியே விட்டுவிட்டார்கள். இன்றைக்குச் சண்டை ஆட்டம் என்றாலே காம்போ என்கிறோமே, அதற்கு வேர் அங்கே.

டிவியில் ஒரு பாடம்

முதல் சோதனை என் வீட்டு ஹாலில், பெரிய எல்.இ.டி. டிவியில். சோனிக் பூம் வரவே இல்லை. வந்தாலும் நான் அழுத்தி முடித்து யோசித்த பிறகு வந்தது. வயசாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். விரல் மேல் பழி போட்டு ரெண்டு நாள் வருத்தப்பட்ட பிறகு, கல்லூரியில் படிக்கும் அக்கா மகன் வந்து ரிமோட்டை வாங்கி கேம் மோடைப் போட்டுவிட்டுப் போனான். அவ்வளவுதான் விஷயம்.

இந்த ஆட்டங்கள் வினாடிக்குச் சுமார் 60 படம் ஓடும். ஒரு படத்துக்கு 16.7 மில்லி வினாடி. டிவி படத்தை மெருகேற்றுகிறேன் என்று நாலைந்து படம் பிடித்து வைத்துக்கொண்டால், கையும் கண்ணும் பிரிந்துவிடும். எவோ என்ற பெரிய சண்டை ஆட்டப் போட்டியில் 2004இல் டைகோ உமெஹாரா, ஒரு அடி பட்டாலும் தோல்வி என்ற நிலையில், ஜஸ்டின் வாங் விட்ட சுன்லியின் தொடர் உதை 15ஐயும் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு ஜெயித்த காட்சியை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். மூன்றாம் ஸ்ட்ரீட் ஃபைட்டரில் அந்தத் தடுப்புக்கு அடி விழும் கணத்தில் லீவரை முன்னால் தட்ட வேண்டும். அதில் நாலு படம் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஆகவே டிவியைவிடக் கம்ப்யூட்டர் மானிட்டர் நல்லது. டிவிதான் என்றால் கேம் மோட் இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.

ஷார்ஜாக்காரனுக்காக

இணையத்தில் சண்டை ஆட்டம் ஆடுவதில் ரெண்டு முறை உண்டு. எதிராளி என்ன அழுத்தினான் என்ற செய்தி வந்து சேரும்வரை ரெண்டு பக்கமும் காத்திருப்பது பழைய முறை. வலை கொஞ்சம் திணறினாலும் ஆட்டம் தண்ணிக்குள் நடப்பது போல ஆகிவிடும். புதிய முறைக்கு ரோல்பேக் என்று பேர். நம்ம ஊர் புரோட்டா மாஸ்டரைப் பாருங்கள். வழக்கமாக வருகிறவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கல்லில் ரெண்டு போட்டுவிடுவார். கேட்கும் வரை நிற்க மாட்டார். அவர் உட்கார்ந்து "இன்னிக்கி தோசை" என்றால், புரோட்டாவைச் சத்தமில்லாமல் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட்டுத் தோசை ஊற்றுவார். ரோல்பேக் அதுதான். எதிராளி போன கணத்தில் செய்ததையே இப்போதும் செய்வான் என்று ஊகித்து ஆட்டம் ஓடும். ஊகம் தப்பென்றால் சில படம் பின்னால் போய்த் திருத்தி, கண் இமைப்பதற்குள் இந்த இடத்துக்கு வந்துவிடும்.

இதற்கு ஜி.ஜி.பி.ஓ. என்ற வடிவம் கொடுத்தவர் டோனி கேனன், எவோவை ஆரம்பித்தவர்களில் ஒருவர். 2006இல் எக்ஸ்பாக்ஸ் 360இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போவின் இணைய ஆட்டம் திருப்தி தராமல் போனதில் பிறந்தது அது. 2019இல் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள்.

இதே வழியில் ஓடும் ஃபைட்கேட் என்ற இலவசச் செயலி, பழைய ஆர்கேட் ஆட்டக்காரர்கள் உலகம் முழுக்கக் கூடும் இடம். 97க்குச் சரியான எதிராளி எந்நேரமும் அங்கே கிடைப்பான். கிடைக்கிறவன் நம்மைத் துவைத்துக் காயப்போடுவான் என்பது வேறு. ஆட்டத்தின் ஃபைலை நாமே கொண்டுவர வேண்டும் என்பதால் மேலே சொன்ன உரிமைக் கேள்வி இங்கேயும் வரும். போட்டியாகத் தேற வேண்டும் என்று வெறியோடு இருப்பவருக்கு இதுதான் பதில். எங்களுக்குத் தேவை முன்பின் தெரியாத பிரேசில்காரன் இல்லை, சுன்லி. கேப்காம் தொகுப்பிலும் ரோல்பேக் இருக்கிறது, அவன் அங்கே ஒரு பிரதி வாங்கிக்கொண்டால் போதும்.

கணக்கு எளிது. போய்வர 90 மில்லி வினாடி ஆனால் ஒரு வழிக்கு 45, மூன்று படத்துக்குள். ரோல்பேக்குக்கு அது தூசு. ஆனால் வைஃபையில் ஆடாதீர்கள், ஒயர் இழுங்கள். சராசரி வேகத்தைவிட இடையிடையே விக்குவதுதான் ஆட்டத்தைக் கெடுக்கும்.

புது ஆட்டமே போதாதா?

அக்கா மகன் கட்சி இது. "மாமா, ஸ்ட்ரீட் ஃபைட்டர் சிக்ஸ் வாங்குங்க. மாடர்ன்ல வச்சு ஆடுனா லீவரைச் சுத்தவே வேணாம்." 2023 ஜூனில் வந்த அந்த ஆட்டத்தில் கைல், சுன்லி, ஹோண்டா மூவரும் முதல் நாளிலிருந்தே இருக்கிறார்கள். எஸ்.என்.கே. வீட்டிலிருந்து டெர்ரியும் மாயும்கூடப் பிறகு விருந்தாளியாக வந்தார்கள். தன்னை யாரும் அழைக்கவில்லை என்று எங்கள் இயோரிக்குத்தான் மனத்தாங்கல்.

நியாயமாகச் சொன்னால், போட்டிக்கு என்று பார்த்தால் இதற்கு ஈடு இல்லை. உன் தரத்துக்கு ஏற்ற ஆளை அதுவே தேடிக் கொடுக்கும், கற்றுக்கொள்ளப் பயிற்சிக் கூடம் உண்டு, பதக்கம் வரை வழி உண்டு. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5க்குத் தங்கம் வாங்கிய தென்கொரியாவின் கிம் குவான்-வூவுக்கு அப்போது வயது 44. என் விரலைக் குறை சொல்லிக்கொண்டிருந்த நான் இந்தச் செய்தியைப் படித்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். பக்கத்து லாகூரிலிருந்து கிளம்பிய அர்ஸ்லான் ஆஷ், 2019இல் ஒரே வருஷத்தில் எவோ ஜப்பான், எவோ ரெண்டிலும் டெக்கன் 7 என்ற சண்டை ஆட்டத்தில் ஜெயித்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊர் ஒரு தடை இல்லை.

ஆனால் இதற்கு நல்ல கிராஃபிக்ஸ் அட்டை போட்ட கம்ப்யூட்டரோ புதுக் கன்சோலோ வேண்டும். எங்கள் 40,000 அதிலேயே கரைந்துவிடும். பழைய தொகுப்புக்கு ஆபீஸில் கழித்துப் போட்ட சுமாரான கம்ப்யூட்டரே தாங்கும். இன்னொன்று, அக்கா மகனோடு பத்து ஆட்டம் ஆடினேன், பத்தும் தோற்றேன். அதில் எட்டில் ஏன் தோற்றேன் என்றே புரியவில்லை. பழைய ஆட்டத்தில் தோற்கும்போது காரணம் தெரியும், அதனால் மறு ரூபாய் எடுக்கக் கை போகும்.

எடுத்த முடிவு

அசல் தொகுப்பு, பழைய கம்ப்யூட்டர், ஒரு மானிட்டர். லீவர் மட்டும் நாங்களே செய்தோம். சொல்ல வேண்டிய வேலை அதில்தான் இருக்கிறது.

கன்சோல் பேடில் ஆடலாம், சாம்பியன்களே ஆடுகிறார்கள். லீவரே இல்லாமல் எல்லாம் பட்டனாக இருக்கும் பலகையும் வந்துவிட்டது. கைல் ஆட்டத்துக்கு அது சுகம். எங்கள் நாலு பேருக்கும் மணிக்கட்டு நினைவு வைத்திருப்பது லீவரை, அதனால் மறுபேச்சு இல்லை. ஜப்பானின் சன்வா லீவர் இரண்டு வாங்கினோம். அதன் அடியில் சதுரக் கட்டம் இருக்கும், மூலைகள் விரலுக்கே தெரியும். பாய் கடை லீவர் மாதிரி முரட்டுத்தனமாக இழுக்கக்கூடாது, இரண்டு விரலுக்குள் பிடித்தால் போதும். இயோரி முதல் நாள் பிடித்த பிடியில் மேசையே நகர்ந்தது.

பட்டன் வாங்கும்போது ஏமாந்தோம். 30 மில்லி மீட்டர் பட்டனில் இரண்டு வகை: அழுத்தினால் கிளிப் பிடித்துக்கொள்வது ஒன்று, பின்னால் மரை போட்டு முறுக்குவது ஒன்று. ஆசாரி 18 மில்லி மீட்டர் பிளைவுட்டில் ஹோல்சா போட்டு அழகாக ஓட்டை எடுத்துக் கொடுத்துவிட்டார், நாங்கள் வாங்கியதோ கிளிப் வகை. அது மெல்லிய தகட்டில்தான் நிற்கும், தடிப் பலகையில் பிடிக்காது. "தம்பி, இதைக் கேட்டுட்டுல்ல ஓட்டை போடச் சொல்லணும்" என்றார் ஆசாரி. பிறகு நேம் போர்டு செய்கிற கடையில் 3 மில்லி மீட்டர் அக்ரிலிக்கில் மேல்மூடி வெட்டி வாங்கினோம். காகிதத்தில் வரைந்து கொடுத்தால் பத்து நிமிஷ வேலை. பலகை அடிப்பெட்டியானது.

உள்ளே வைக்கும் சின்ன போர்டு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம் என்பார்கள். எங்களுக்கு நேர்மாறாக மலிவானதே நல்லதாக அமைந்தது. ராஸ்பெரி பை பிக்கோ என்ற சில நூறு ரூபாய்ப் போர்டில் ஜி.பி.2040 சி.இ. என்ற இலவச மென்பொருளை ஏற்றினால், தாமதம் ஒரு மில்லி வினாடிக்கும் கீழே. லீவருக்கு நாலு ஒயர், பட்டனுக்கு ஒவ்வொன்று, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு ஒயர். அதைப் பற்றவைத்தது அந்த டிவி மெக்கானிக்தான். பேட்டரி இல்லை, டியூப் இல்லை என்று தெரிந்ததும் அவருக்குச் சின்ன ஏமாற்றம்.

எல்லாம் சேர்த்து 31,000க்குள் முடிந்தது. மிச்சம் 9,000 ஹோண்டா கையில் இருக்கிறது. 97ஐ இன்னும் வாங்கவில்லை, இயோரி தினமும் கேட்கிறான்.

விலை வைப்பதற்கு ஒரு காலி பட்டி டப்பா எடுத்து, மூடியில் ஒத்த ரூபாய் நுழைகிற அளவுக்குக் கீறல் போட்டோம். ஒரு ஆட்டத்துக்கு ஒரு ரூபாய். ஜெயித்தவன் போட வேண்டாம். காலணா கணக்குதான், ஆனால் முதல் ஞாயிற்றுக்கிழமையே சில்லறை மாற்ற ஹோண்டா கீழே டீக்கடைக்கு மூன்று தடவை இறங்கினான். டப்பாவுக்குள் நாணயம் விழும் சத்தம் கேட்டதும் இயோரி திரும்பிப் பார்த்தான், பாய் கடையில் பார்த்த மாதிரியே, அடுத்து யார் என்று.

சாயங்காலம் ஆறு மணிக்கு, ஷார்ஜாவில் நாலரை, சுன்லி உள்ளே வந்தான். அவனிடம் தோற்றால் நாங்கள் எழுந்து அடுத்தவனுக்கு இடம் கொடுக்கிறோம். அவன் தோற்றால் எழுந்து போக வழியில்லை, அதனால் எங்களுக்குள் ஒரு ஆட்டம் முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்று சட்டம் போட்டோம். அவன் பங்கு ரூபாயை ஹோண்டா போடுகிறான். சுவரில் சாக்பீஸில் கோடு போட்டு எண்ணிக்கை வைத்திருக்கிறான். இந்த வாரத்தோடு 43. அடுத்த சித்திரைக்கு வரும்போது வட்டியோடு வாங்கிக்கொள்வானாம்.